வலது கால் குடும்பம்

"எந்தக் கால்?" என்று கேட்டார் செல்லையா.

"இடது கால்ப்பா," என்றாள் மகள் தனுஜா. "இடது கால்ல உந்தி எழும்பி, அரைச் சுத்து சுத்தி..."

"போதும், நிறுத்து!"

கோலாலம்பூரில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஐஸ் ஸ்கேட்டிங் பழகுவதில் அவருக்குப் பெருமைதான். மூன்று தலைமுறைக் கங்காணிக் குடும்பத்துப் பெண் பனிக்கட்டிமேல் நிமிர்ந்து நிற்கிறாள் என்று மலையூர் தானா ராத்தா முழுவதும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் தாவல் தேர்வு. தேறினால்தான் ஆட்டக்குழுவில் இடம்.

ஆனால், இடது காலா?

"பொண்ணு பாக்கப் போனாலும், புது வீடு போனாலும் நம்ம குடும்பத்துல வலது கால்தான். ஐஸுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"முழுசாக் கேளுங்கப்பா. இடது கால்ல எழும்பி..."

"அந்தப் பேச்சே வேணாம்!"

லீவில் வந்திருந்த தனுஜா, தேயிலைத் தோட்டத்து பேட்மிண்டன் திடலில் வலது காலால் எழும்பிப் பார்த்தாள். உடம்பு ஒரு பக்கம் திரும்ப, கால் வேறு பக்கம் போக, பக்கத்து வீட்டு நீலாவதியின் துணிக்கொடிக்குள் போய்ச் சுருண்டாள்.

"ஐயோ, எம் புதுச் சேலை!"

"சிலிப்பர் வழுக்குது," என்று தீர்ப்புச் சொன்ன செல்லையா, தம் மலைவேலை பூட்ஸைக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டினார். அடுத்த தாவலில் தனுஜா நின்ற இடத்திலேயே நின்றாள். பூட்ஸ் மட்டும் பறந்து நீலாவதியின் மிளகாய்ச் சம்பல் சட்டியில் இறங்கியது.

மறக்காமலிருக்க மகளின் வலது காலில் சிவப்புக் கயிறு கட்டினார். கயிற்றைப் பார்த்துக்கொண்டே தாவியவள், தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பளவு புதைந்தாள்.

"கங்காணி மக கொழுந்து பறிக்குதா, ஒளிஞ்சு வெளையாடுதா?" என்றாள் நீலாவதி. லயத்து வீட்டு வரிசையே சிரித்தது.

செல்லையாவின் முதுகு இன்னும் விறைத்தது. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க! எங்க பரம்பரை எப்படித் தாவுதுன்னு பாருங்க!"

பாருங்கள் என்று சொன்னால் வராமல் இருப்பார்களா? சாப்பாட்டுக்கடை ஸுல்கிஃப்லியின் வேன் நிரம்பி வழிந்தது.

ஸ்கேட்டிங் அரங்கில் தனுஜா ஒருமுறை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தம் வலது காலைத் தட்டிக் காட்டினார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். வழுக்கி வந்தாள். இடது காலால் உந்தினாள். எழும்பினாள். காற்றில் அரை வட்டம் திரும்பி இறங்கி, கைகளை விரித்தபடி பின்புறமாக வழுக்கிச் சென்றாள். முதுகு அப்பாவின் முதுகைப் போலவே நேராக நின்றது. தேர்வாளர் கட்டைவிரலை உயர்த்தினார். நீலாவதி விசிலே அடித்துவிட்டாள்.

"புள்ள பாஸாயிட்டா!" என்று அழுதார் மனைவி அம்மாக்கண்ணு.

"இடது கால்! ஊரே பாக்க இடது கால்! மானம் போன பிறகு பாஸ் எதுக்கு?" செல்லையா எழுந்து விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். ஒரு காலை வெளியே வைக்கும்போது, எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு எதிரே வந்த ஸுல்கிஃப்லி வழிமறித்தார்.

"நானும் கண்ணாடி வழியா பாத்தேன்லா. எழும்புனது எந்தக் காலோ, புள்ள வந்து எறங்குனது வலது கால்ல. இப்ப வாசல்ல இடது காலை வச்சிருக்கிறது நீங்கதான், கங்காணி!"