செவ்வாயில் செய்யும் முறை

"தெரியாது" என்ற சொல் இளவயதில் என் வாயில் வரவே வராது. அந்த வியாதிக்கு மருந்து கிடைத்தது ஒரு சாவு வீட்டில்.

யுத்த காலம். காளவாசலில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். செவ்வாய் கிரகத்துச் சாம்ராஜ்யத்தைப் பற்றி அதில் தொடர்கதை எழுதியவன் நான். (அதுவரை நான் பார்த்திருந்த ஒரே வெளியூர் திருமங்கலம்.) அங்கே சிப்பாய் இறந்தால் பதினொரு பேர், அவன் தொப்பியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து ஆற்றுக்குப் போவார்கள். பன்னிரண்டாவது இடம் இறந்தவனுக்காகக் காலியாக இருக்கும். பதினொன்று என்ற எண்ணுக்கு இரண்டு பக்கம் தத்துவம் வேறு எழுதியிருந்தேன். உண்மையில் பத்திரிகைக்கு வாசகர்கள் மொத்தம் பதினொரு பேர்.

அவர்களில் ஒருத்தி கோச்சடை செல்லம்மாள். பட்டாளத்துக்குப் போன அவள் அண்ணன் பாண்டி பர்மாவில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடல் வராது. எதை வைத்துக் காரியம் செய்வது என்று புரியாமல் அவள் அப்பா நல்லு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ பட்டாளத்தப் பத்தி எழுதுறியாமே. ஒடம்பு இல்லாட்டி அவுக எப்படிச் செய்வாக?"

செல்லம்மாளைக் கேட்டிருந்தால் அது வெறும் கதை என்று சொல்லியிருப்பாள். அவள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். மூன்று நாள் சாப்பிடாத மனிதர் என் முகத்தையே பார்த்தார். தொப்பி, தண்ணீர், பதினொரு பேர் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். பிறகு மனசு உறுத்தியது.

"ஆனா மாமா, இது செவ்வாயில செய்யிறது."

"சரிப்பா. வார செவ்வாயே செஞ்சிருவோம்."

நான் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் வைகை மணலில் பின்பக்கமாக நடந்தோம். லீவில் வந்தபோது பாண்டி விட்டுப்போன துணித் தொப்பி மாமா கையில். துணியில் தண்ணீர் நிற்காது என்பது சாம்ராஜ்யத்தை உருவாக்கியவனுக்குத் தோன்றவில்லை. அது ஒழுகிக்கொண்டே வந்தது. வழி தெரிந்தவன் என்று என்னை முதல் ஆளாக விட்டிருந்தார்கள். ஊற்றுக்குழிக்குள் நான் மல்லாந்து விழ, என்மேல் நான்கு பேர் விழுந்தார்கள்.

கரையில் நின்ற கூட்டத்தில் லீவில் வந்த ஹவில்தார் ஒருவர் இருந்தார். கைகொடுத்துத் தூக்கியவர், "எந்த ரெஜிமெண்ட்ல தம்பி இந்த முறை?" என்றார்.

"செவ்வாய் கிரகத்துல," என்றேன். "நானா எழுதுன கதைண்ணே."

செத்துவிடலாம் போலிருந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. ஹவில்தாரைக் கேட்டார்:

"நெசத்துல என்ன செய்வாக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நேரமிருந்தா குழி தோண்டுவோம்ணே."

மாமா காலித் தொப்பியில் ஊற்றுத் தண்ணீரை மறுபடி அள்ளினார்.

"இவன் கதையிலயாச்சும் எம்மகனுக்கு ஒரு எடம் விட்டிருக்கான். நடங்கப்பா."

நடந்தோம். கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வழியெல்லாம் அழுதேன்.

இரண்டு வருஷம் கழித்து மாமா செல்லம்மாளை எனக்கே கட்டிக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை போகலாம் என்று நான் எதற்குச் சொன்னாலும், "பூமியிலயா, மேலயா?" என்று இன்றைக்கும் வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு முதலில் சிரிப்பவராக மாமாதான் இருந்தார்.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது மகளிடம் சொன்னார்: "என்னையத் தூக்கிட்டுப் போறப்ப யாரும் பின்பக்கமா நடக்க வேணாம்த்தா, மாப்ள விழுந்துருவாரு. பாண்டிக்கு எடம் மட்டும் விடுங்க."

விட்டோம்.