தேனுவின் பரீட்சையும் என் பெட்ரோல் ஃபில்டரும்

என் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் கனவு காண ஆரம்பித்துவிடுவேன். மற்றவர்களுக்குப் படுத்தால்தான் கனவு வரும். எனக்குக் கையில் ஏதாவது வேலை இருந்தால் போதும், கண் திறந்தபடியே வந்துவிடும். தேங்காய் உடைக்கச் சொன்னால் தென்னந்தோப்பே வாங்கிவிடுவேன். அதற்குள் தேங்காய்த் தண்ணீர் முழுக்கத் தரையில் ஓடியிருக்கும். இந்த வியாதியோடுதான் எனக்குக் கல்யாணமும் ஆனது. (பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது!)

இரண்டு பேருக்குமே கொஞ்சம் லேட்டான கல்யாணம். புதுக்குடித்தனம் வீராம்பட்டினத்தில். ஜன்னலைத் திறந்தால் கடல் சத்தமும் உப்புக் காற்றும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காற்று மனிதனுக்குச் சொர்க்கம், பைக்குக்கு எமன். என் பழைய பைக்கின் டேங்க் உள்ளே துருப்பிடித்து, அந்தத் துரு பெட்ரோலோடு இறங்கி, வண்டி எந்நேரமும் இருமிக்கொண்டே ஓடும்.

என் மனைவி தேன்மொழி, எனக்கு தேனு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அரசாங்க நர்ஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு வந்தது. வயது வரம்பைப் பார்த்தால் அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அவள் அப்பா, வேலை பார்த்த மில்லை மூடியதால் வேலையை இழந்தவர். ஒரு சர்க்கார் சம்பளம் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவள் பள்ளிக்கூடத்திலிருந்தே சுமந்துகொண்டிருந்த ஆசை. டியூட்டி முடிந்து வந்து, சோறு வடித்துக்கொண்டே படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கோரிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தேர்வு. ஒன்பதுக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு கவர்னரே வந்தாலும் வெளியில்தான்.

"நான் பஸ்ல போயிடறேங்க" என்றாள்.

"என் பொண்டாட்டி பரீட்சைக்கு பஸ்ல போவாளா? நான் கொண்டுபோய் வுடறேன்" என்றேன்.

"அது இருமுதே."

"ஃபில்டர மாத்திட்டா சரியாயிடும். சின்ன வேலை. நானே பண்ணிடுவேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். புதுக் கல்யாணம். இப்போது என்றால் ஆட்டமாட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு இறங்கும் ரப்பர் குழாயின் நடுவே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பி இருக்கும். அதுதான் ஃபில்டர். பழையது டீத்தூள் அடைத்த மாதிரி பழுப்பாக இருந்தது. புதியதில் பெட்ரோல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தது. டேங்கின் அடியிலிருக்கும் திருகுக் குழாயை மூடி, கிளிப்பை நகர்த்தி, பழையதை உருவினேன். மிச்சப் பெட்ரோல் முழங்கை வரை வழிந்தது. அந்த வாசனையில் லேசாகத் தலை சுற்ற, கனவு வந்துவிட்டது. தேனு பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், அரியாங்குப்பம் பாலத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை, அவள் முந்தானை பறக்கிறது, வண்டி சத்தமே இல்லாமல் மிதக்கிறது. நான் அப்படியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாராம்.

மாட்டி முடித்து உதைத்தேன். உதைத்தேன். சட்டை நனையும்வரை உதைத்தேன். வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த தேனு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த டேங்க் கொழாய தொறந்தீங்களா?" என்றாள்.

திறந்தேன். அடுத்த உதையில் வண்டி கிளம்பியது. இருமல் இல்லை. ஆகா, என்ன ஒரு இசை! அந்தச் சந்தோஷத்தில் நேராக பங்க் போய் வாய் வரைக்கும் பெட்ரோலை நிரப்பினேன். வரும் வழியில் அம்மன் கோயிலில் கும்பிட்டு, ஒரு உருண்டை சந்தனமும் வாங்கிவந்தேன். எங்கள் பக்கத்தில் பஞ்சர் ஒட்டினாலும் பொட்டு வைக்காமல் வண்டியை எடுக்கமாட்டோம். நானோ இன்ஜினுக்கே வைத்தியம் பார்த்தவன்! ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, ஹேண்டில்பாருக்கு இரண்டு, டேங்க் மூடியில் மட்டும் சாவி போகும் இடத்தை விட்டுவிட்டு வட்டமாக, தடிமனாக, ஒரு இட்லியைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல அப்பி, நடுவே குங்குமமும் வைத்தேன். ராத்திரியில் அது காய்ந்து கல்லாகிவிட்டது.

மறுநாள் காலை எல்லாம் நான் கனவு கண்டபடியே நடந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். கடற்பக்கமிருந்து மெல்லிய பனி. தேனு என் முதுகில் சாய்ந்து மனப்பாடம் செய்ததை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மருந்துப் பெயர்கள் என் தோளில் பூ விழுவதுபோல விழுந்துகொண்டிருந்தன. பாலம் ஏறினோம். கீழே ஆறு அசையாமல் கிடந்தது, ஒரு படகு அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் சத்தமே இல்லாததுபோல் இருந்தது.

"ஏங்க, வண்டி நின்னு போச்சு" என்றாள் தேனு.

ஆமாம். சத்தம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று மூடியைத் திறந்தேன். சந்தனம் உதிராமல் பூப்போலத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். பாவம், வண்டி பெருமூச்சு விடுகிறது என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.) பெட்ரோல் இருந்தது. மூடினேன். ஃபில்டரை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உதைத்தேன், கிளம்பிவிட்டது.

"தட்டினா போதும், புதுசில்ல" என்றேன்.

முருங்கப்பாக்கம் தாண்டி முதலியார்பேட்டையில் மறுபடியும் நின்றது. நம் ஊரில் ஒரு வண்டி நின்றால் நாலு வைத்தியர் வருவது தெரிந்ததுதானே. பேப்பர் வாங்க வந்தவர் பிளக்கைக் கழற்று என்றார். டீக்கடைக்காரர் வண்டியைச் சாய்த்துப் பிடி என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் (எங்கள் ஊரில் சொல்தா என்போம்) கைத்தடியால் இன்ஜினைத் தொட்டுக் காட்டி, "நான் பட்டாளத்து டிரக்கே ஓட்டுனவன். இன்னா மாத்துன கடைசியா?" என்றார்.

"ஃபில்டருங்க ஐயா."

"அப்ப கோளாறு அதுலதான். கடைசியா தொட்டது எதுவோ அதான் கெட்டிருக்கும்."

எவ்வளவு சரியான வார்த்தை! ஆனால் நான் கடைசியாகத் தொட்டது ஃபில்டரை அல்ல என்பது எனக்கே உறைக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று ஒரு தரம் மூடியைத் திறந்தேன். புஸ். மூடிவிட்டு, ஃபில்டரை உருவி, அம்புக்குறி தலைகீழாக இருக்கும்படி திருப்பி மாட்டினேன். உதைத்தேன். கிளம்பியது! பெரியவர் "அலே! அலே!" என்று, 'போ, போ' என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, கைத்தடியை ஆட்டி வழியனுப்பினார்.

"கம்பெனிக்காரன் அம்ப தப்பா போட்டிருக்கான் தேனு" என்றேன். அந்த நிமிஷம் நான் மெக்கானிக் இல்லை, விஞ்ஞானி. கம்பெனி என்னை அழைத்துப் பாராட்டுவதுபோல ஒரு கனவு தொடங்கி, மாலை கழுத்தில் விழப்போகும் நேரத்தில், பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மூன்றாம் முறையாக வண்டி நின்றது.

மணி எட்டரைக்கு மேல். தேனு இறங்கி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கனவெல்லாம் கலைந்துவிட்டது. அழவில்லை. உதடு மட்டும் நடுங்கியது. "இத்தினி நாளு படிச்சேங்க" என்றாள், அவ்வளவுதான். ஆட்டோக்களுக்குக் கை காட்டினேன். எல்லாவற்றிலும் தேர்வு எழுதப் போகிறவர்கள் அடைந்திருந்தார்கள். மறுபடி மூடியைத் திறந்தேன். புஸ். ஃபில்டரைத் திரும்பவும் நேராக மாட்டக் குனிந்தேன்.

"அத வுடுங்க" என்றாள் தேனு.

நிமிர்ந்தேன்.

"ஒவ்வொரு வாட்டியும் மூடியத் தொறக்கறீங்க, காத்து புஸ்ஸுங்குது, அப்பறம் ஓடுது. ஃபில்டரால ஓடல. கண்ணாடி பாட்டில்ல ட்ரிப்ஸ் ஏத்துறப்ப காத்து போக நாங்க ஒரு ஊசி குத்துவோம். குத்தலன்னா சொட்டு நின்னுடும். இதுக்குக் காத்து எங்கருந்து போவும்?"

"அது... மூடியில ஒரு ஓட்டை இருக்கும்."

இருவரும் மூடியைப் பார்த்தோம். என் பக்தி அதன் மேல் பாறையாக இருந்தது.

தேனு வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். சந்தனத்தைச் சுரண்டித் தள்ளி, ஊசித்துளை ஒன்றைக் கண்டுபிடித்து, நோயாளிக்கு வலிக்காமல் குத்துகிற மாதிரி நாலு குத்து குத்தினாள். "சாமி குத்தம் ஒண்ணும் ஆவாது" என்று கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

உதைத்தேன். வண்டி பாடியது. சந்தேகமே இல்லை, இது வேறு ஓட்டம்!

"ஏறு தேனு! பத்தே நிமிசம்!"

அவள் ஏறவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோரிமேடு போகும் டவுன் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினாள்.

"இன்னா பண்ற? அதான் சரியாயிடுச்சே!"

"வண்டி ஓடும்னு தெரியுதுங்க. வழியில நீங்க இன்னொரு ஐடியா பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

நான் என்ன செய்வது? பஸ்ஸின் பின்னாலேயே போனேன். இருமாத, திக்காத, தேன் போல ஓடுகிற வண்டியில், பின் ஸீட் காலியாக. பஸ் நின்றால் நானும் நின்றேன். ஜன்னல் ஓரத்தில் அவள் உதடு அசைவது தெரிந்தது. ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அதோடு அந்த இளவெயிலில் அவளைப் பார்த்துக்கொண்டே போவது அவ்வளவு சுகமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். சாலையோரத்து மரங்களின் நிழல் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போனது. அந்தப் பயணம் முடியாமல் நீண்டுகொண்டே போனால் என்ன என்று தோன்றியது. நல்லவேளை, பஸ்ஸை ஓட்டியவர் நான் இல்லை.

அவள் ஓடிப்போய் உள்ளே நுழைந்ததும் வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடினார். நான் வெளியே உட்கார்ந்து, அவள் தோற்றுவிட்டால் காலம் முழுக்க என்ன பதில் சொல்வேன் என்று கைவிரல் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தேன். (பெட்ரோல் ருசி இரண்டு நாள் போகவில்லை.) மத்தியானம் வெளியே வந்தாள். "நல்லா எழுதிட்டேன்" என்று சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமையாக வண்டியை ஸ்டார்ட் செய்து, "ஏறு, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"பஸ்ஸு வருதுங்க" என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அன்று தொடங்கிய பழக்கம் மாறவில்லை. காய்கறி வாங்க, கோயிலுக்குப் போக எல்லாம் என் பின்னால் உட்காருவாள். முக்கியமான நாள் என்றால் மட்டும் கிடையாது. வேலையில் சேர்ந்த அன்று அவள் பஸ்ஸில், நான் பின்னால். பிரசவ வலி எடுத்த அன்று அவள் ஆட்டோவில், வலியோடு வலியாக வெளியே தலையை நீட்டி நான் வருகிறேனா என்று பார்த்தபடி, நான் பின்னால். மாமனார் வீட்டில் எனக்கு 'பைலட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். (மந்திரி காருக்குப் பைலட் வண்டி முன்னால்தானே போகும் என்று கேட்டேன். "முன்னாடி வுட்டா எங்க நிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்" என்றார் மாமனார்.)

போன ஜூனில் என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். முதல் நாள். நான் தலை சீவி, சட்டையை மாற்றி, பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்தி, "வாடா செல்லம்" என்றேன். அவள் என்னையும் பார்த்தாள், பைக்கையும் பார்த்தாள். யாரும் சொல்லித் தராமலே நேராகப் போய் ஸ்கூல் வேனில் ஏறிக்கொண்டாள். நான் வழக்கம்போல பின்னால் போனேன். நாலு தெரு தாண்டியதும் வேன் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வண்டியை ஓரம் கட்டினார். "யாரோ ஒரு ஆளு நம்மளயே தொரத்தினு வராரே" என்றார்.

என் மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வேனுக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அது எங்கப்பா, அங்கிள். அவரு வண்டி நின்னா நிக்கட்டும், நாம நிக்கக்கூடாது."