பெருச்சாளி மனோரஞ்சிதமும் புயல் துரத்துவோர் மாநாடும்

ஒரு காட்டில், ஒரு பக்கம் ஏரியும் மறு பக்கம் மலையுமாக இருந்த காட்டில், மனோரஞ்சிதம் என்றொரு பெருச்சாளி குடித்தனம் நடத்தி வந்தாள். ஏன், கதைக்கு மான் மயில் எல்லாம் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் கண்ணாடி இருக்கிறது; அதில் தெரிவதைத்தானே எழுத முடியும்.

மனோரஞ்சிதத்துக்குப் புயல் என்றால் உயிர். கடலில் எங்கேயாவது ஒரு மேகம் லேசாகச் சுழன்றால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். இவள் செல்போனில் சாட்டிலைட் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருப்பாள்.

"கண் தெரியுது பாருங்க, புயலோட கண்ணு!"

"எனக்குத் தீயற வாசனைதான் தெரியுது" என்பார் கணவர் துரைக்கண்ணு.

அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சிஸ்டர்கள் பழக்கியபடி முதுகை நேராக வைத்து, மூக்கை ஒரு விரற்கடை தூக்கி, சந்தேகமே இல்லாத குரலில் பேசுவாள். விஷயம் தெரியாவிட்டாலும் அந்தக் குரல் மட்டும் மாறாது. புயல் அடிக்கும் பக்கமாகப் பார்த்து வேடிக்கை பார்க்க ஓடும் புயல் துரத்துவோர் பேரவையின் வாட்ஸப் குழுவில் அவள் பதிவு போட்டால் காடே உடனே படித்தது. அதில் அவளுக்கு இருந்த பெருமையை ஒரு வளையில் அடைக்க முடியாது.

அந்த வருடம் பேரவையின் மாநாடும் புயலும் ஒரே நாளில் வந்தன. மனோரஞ்சிதம் காலையிலேயே பதிவு போட்டாள்: "புயல் மலைப்பக்கம் போகும். ஏரிப்பக்கம் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். யாரும் வதந்தி பரப்ப வேண்டாம்."

அவள் வளையே ஏரிக்கரையின் அடிவாரத்தில்தான் இருந்தது. உள்ளே பால் பல் விழாத குட்டிகள்.

"ரஞ்சிதம், எதுக்கும் பிள்ளைகளைத் தூக்கிட்டு மலை மேல போயிடட்டுமா?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? ஏரிப்பக்கம் பயமில்லைன்னு ஊருக்கே எழுதியிருக்கேன். என் குடும்பமே மூட்டையைக் கட்டினா மாநாட்டுல என்னை யாராவது மதிப்பாங்களா? மதியம் எனக்கு விருது வேற குடுக்கறாங்க. நான் வர்ற வரைக்கும் வளையை விட்டு ஒரு வால் வெளியே வரக் கூடாது."

"சரிம்மா" என்றார் துரைக்கண்ணு. கல்யாணமானதிலிருந்து அவர் அதிகம் பேசிய சொல் அது.

மாநாடு பாறைக்குகையில் நடந்தது. எல்லோரும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு, அடுத்தவர் அட்டையைப் படிப்பதும் முகத்தைப் பார்க்காமல் நகர்வதுமாக இருந்தார்கள். தலைவர் ஆமை. புயலைத் துரத்துவதில் காட்டிலேயே மூத்தவர்; எதையும் இதுவரை எட்டிப் பிடித்ததில்லை. அவர் போய்ச் சேரும்போது அங்கே வெயில் அடிக்கும். செயலாளர் வௌவால். தலைகீழாகத் தொங்கியே வரைபடம் பார்ப்பதால் திசைகள் விஷயத்தில் அவருக்குச் சொந்தக் கணக்கு உண்டு. ஓணான் ஒன்று செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, "நேயர்களே, இப்ப டீ வந்துக்கிட்டிருக்கு" என்று நேரலை போட்டுக்கொண்டிருந்தது.

"யாருக்கும் எந்தச் சேதமும் வரக் கூடாதுன்னு மொதல்ல வேண்டிக்குவோம்" என்றார் ஆமை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஆனா வலு குறைஞ்சிடக் கூடாது" என்று ஒரு குரல் முணுமுணுத்தது. மனோரஞ்சிதத்தின் குரல்தான். கூட்டம் முழுவதும் மனதார ஆமோதித்தது.

பிறகு விவாதம். புயல் கணிப்புக்கு ஒருவர் ஐரோப்பிய மாடல் என்றார், ஒருவர் அமெரிக்க மாடல் என்றார். வாசலில் காற்று ஊளையிட்டது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று வாசலை ஒரு பாறையால் அடைத்துவிட்டு, காற்று எப்போது தொடங்கும் என்று தொடர்ந்து விவாதித்தார்கள்.

கடைசியில் விருது. "இந்தக் காட்டின் மிக நம்பகமான கணிப்பாளர், திருமதி மனோரஞ்சிதம்!" என்று ஆமை அறிவித்தார். கைதட்டல் குகையை அதிர வைத்தது. அவள் மாலையை வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியது. அடுப்படியில் கரிந்த பால் எதுவும் வீண்போகவில்லை.

"மேடம் மலைப்பக்கம்னு சொல்லியாச்சு" என்றார் ஆமை மைக்கில். "அதனால துரத்த வர்றவங்க எல்லாரும் ஏரிப்பக்கம் கிளம்புங்க!"

மனோரஞ்சிதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தலைவரே, நான் சொன்னது மலைப்பக்கம்."

"தெரியும் மேடம். அதனாலதான் ஏரிப்பக்கம் போறோம்."

"புரியலையே."

வௌவால் கொஞ்சம் கீழே இறங்கித் தொங்கினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எல்லாம் ஒரு தடவை சரியாச் சொல்லுவோம், ஒரு தடவை சொதப்புவோம். எங்களை நம்பி ஒருத்தன் துணி காயப்போட முடியாது. நீங்க அப்படியா? ஒரு புயலாவது நீங்க சொன்ன பக்கம் போயிருக்கா? ஒருதடவைகூட இல்ல. இந்த மாதிரி நம்பிக்கையான ஆள் எந்தக் காட்டுலயும் கிடையாது!"

"நேயர்களே, மேடம் உணர்ச்சிவசப்படறாங்க" என்றது ஓணான்.

மாலை அவள் கழுத்தில் கனத்தது. ஏரிப்பக்கம். ஏரிக்கரை. வளை. குட்டிகள். வால் வெளியே வரக் கூடாது என்று அவளேதான் சொல்லிவிட்டு வந்தாள்.

பாறையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மழை முகத்தில் அறைந்தது. வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட புயலுக்குள் ஓடுகிறாள். அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏரிக்கரைக்கு வந்தால், வளை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க! ஐயோ, என் தங்கங்களே! இந்தப் பாவிய நம்பி உள்ளேயே இருந்துட்டீங்களே!" என்று சேற்றில் விழுந்து புரண்டாள்.

"ரஞ்சிதம், இங்க மேல!" என்றது ஒரு குரல்.

மலைச்சரிவில், காய்ந்த பொந்து ஒன்றில் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். மடியில் குட்டிகள் முறுக்கு தின்றுகொண்டிருந்தன. அக்கம்பக்கத்தில் முயல், கீரி, உடும்பு என்று ஏரிக்கரைக் குடித்தனக்காரர்கள் எல்லோரும் பாயை விரித்திருந்தார்கள். "உங்க புண்ணியம் அக்கா!" என்று கும்பிட்டார்கள்.

"எப்பங்க மேல வந்தீங்க?"

"நீ ஏரிப்பக்கம் பயமில்லைன்னு போட்டியே, அப்பவே மூட்டை கட்ட ஆரம்பிச்சிட்டேன்" என்றார் துரைக்கண்ணு. "நீ கிளம்பட்டும்னுதான் காத்திருந்தேன். சாப்பிடறியா? பால் கரியாம காய்ச்சியிருக்கேன்."

அவள் குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் அடக்கம் பற்றி நல்லதாக ஒரு நீதி தேறியிருக்கும். ஆனால் மனோரஞ்சிதம் பாடம் கற்றுக்கொண்டுவிட்டாள். அதுதான் வினை.

அடுத்த புயல் வந்தது. ஏரிப்பக்கம்தான் போகும் என்று அவள் உள்மனசு அடித்துச் சொன்னது. உடனே உஷாரானாள். 'நான் நினைக்கிறது எப்பவும் தப்பு. அப்ப மாத்திச் சொல்லணும்' என்று யோசித்து, முதன்முறையாகத் தலையைக் குனிந்து, பணிவோடு எழுதினாள்: "புயல் மலைப்பக்கம் போகும்."

புயல் மலைப்பக்கம்தான் போனது. காடு மொத்தமும் வழக்கம்போல அவள் சொன்னதற்கு நேரெதிராகக் கணக்குப் போட்டு, பாய் தலையணையோடு மலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. துரைக்கண்ணுவும்தான். உயிர் ஒன்றும் போகவில்லை. பாய் ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் பேரவை அவசரமாகக் கூடி, நனைந்த உடம்போடு தீர்மானம் போட்டு, நம்பிக்கைத் துரோகம் செய்தாள் என்று மனோரஞ்சிதத்தின் விருதைப் பறித்தது. "சரியாத்தானே சொன்னேன்?" என்று அவள் கேட்டாள்.

"அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம்" என்றார் துரைக்கண்ணு, தும்மிக்கொண்டே. "ஏன் சொன்னே?"

நீதி: தப்பாகவே பேசு, பரவாயில்லை, குடும்பம் பழகிக்கொள்ளும். திடீரென்று திருந்தி யாரையும் நனைய வைக்காதே.