சுவர் விரிசலும் என் மகளின் படிப்பும்

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது?

நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்ட என்னை, "வானத்தைப் பார்த்தா வயிறு நிறையாதுடா" என்று கட்டடப் பொறியியலில் தள்ளினீர்கள். உங்களுக்கு மறந்திருக்கும். அந்தக் கதி என் மகளுக்கு வரக்கூடாதென்று சின்ன வயதிலேயே மாடிக்குத் தூக்கிப்போய் வானத்தைக் காட்டினேன், தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தேன், அவள் அதைத் திருப்பி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். பாட்டு வகுப்பில் சேர்த்தேன், கூரையில் ஈரம் ஊறுகிறது, சீக்கிரம் பெயர்ந்து விழும் என்று அவள் சொன்னதில் பாட்டு டீச்சருக்குச் சுருதி போய்விட்டது. பத்து நாளைக்குள் கல்லூரியில் எந்தப் பாடம் என்று சொல்லியாக வேண்டும். நேத்து அவளை உட்காரவெச்சு, மனசுக்குப் பிடிச்சதைச் சொல்லும்மா, உங்க பெரியப்பா மாதிரி குறுக்கே நிக்கமாட்டேன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கட்டடப் பொறியியல்தான்ங்கிறா. என் மனைவி சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல.

ஏன்னு கேட்டேன். "நடக்கப் போறப்போ ஒவ்வொரு சுவரா நின்னு, இந்த விரிசல் எதனால, எந்த மடையன் கட்டினான்னு திட்டுவீங்களேப்பா. சின்ன வயசுல எனக்கு அதுதான் கதை."

"நட்சத்திரமும்தானே காட்டினேன்?"

"அப்போ முதல்ல கொட்டாவி விட்டது நீங்கதாம்பா."

உடனே கிளம்பி வந்து, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சை மீறி நம் வீட்டில் யார் என்ன படித்திருக்கிறார்கள்?

அண்ணிக்கு மனமார்ந்த வணக்கம். உங்களுக்கும் வணக்கம், மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக.

இப்படிக்கு,
மனத்தாங்கல் மாறாத தம்பி

பி.கு.: தபாலில் போடுமுன் கல்லூரியைப் பார்த்துவரலாமென்று நானும் மகளும் போனோம். முகப்புச் சுவரிலேயே சாய்வாக ஒரு விரிசல். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்றாள். வெறும் பூச்சு விரிசல் என்றேன் நான். காவலாளி வந்து விரட்டும்வரை சண்டை. அவள் சொன்னதுதான் சரி. அப்படியே உள்ளே போய்ச் சேர்த்துவிட்டேன். ஆகவே நீங்கள் வரவேண்டாம். இல்லை, வாருங்கள், வீடு கட்டுகிறேன் பேர்வழி என்று எடுத்துப்போய்த் திருப்பித் தராத என் அஸ்திவாரப் புத்தகத்தோடு வாருங்கள், பிள்ளைக்கு வேண்டும். உங்களை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.