கோச்சி போனபிறகுதான் கண்ணாடி

வாசகர்களே, இந்த வழக்கில் நீங்களே சாட்சிகள். கொக்குவில் புகையிரதக் கடவையை ஒருமுறையேனும் கடந்தவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். தண்டவாளத்துக்குச் சற்றுத் தள்ளி, மதில் ஓரமாக, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிய மனிதர்கள் வடக்கே பார்த்தபடி அசையாமல் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருப்பார். இன்னொருவர் மறுநாள் தாலி கட்டவேண்டிய மாப்பிள்ளையாக இருப்பார். பின்னால் ஒருவர் சீப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வானத்தை ஆராய்வார். ஏதோ போராட்டம் என்று எண்ணி, ஆதரவாக ஹோர்ன் அடித்துச் சென்றவர்களும் உங்களில் உண்டு. அது போராட்டம் அல்ல, தலைமயிர் வெட்டு. குடாநாட்டில் காற்றின் சம்மதம் இல்லாமல் ஒரு தலையையும் வீட்டுக்கு அனுப்பாத ஒரே மனிதரின் சலூன் அங்கேதான் இருக்கிறது.

அவருடைய சொந்தப் பெயரை விசாரித்து அறிந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. புகையிரதத்தை எங்கள் ஊரில் கோச்சி என்போம். அவரைக் கோச்சி அண்ணை என்போம். அவருடைய சலூனில் கண்ணாடியை மூடி எப்போதும் நீலப் படுக்கை விரிப்பொன்று தொங்கும். வெட்டி முடித்ததும் ஆளை எழுப்பி வெளியே நிறுத்துவார். கோச்சி கடந்து போகும்போது எழும் காற்றில் மயிர் எல்லாப் பக்கமும் பறந்து, பிறகு தானாகவே தன் இடத்துக்கு வந்து படியவேண்டும். படிந்தால் சீப்பைச் சட்டைப் பைக்குள் போடுவார். அதுவே தீர்ப்பு. அதன்பிறகுதான் விரிப்பு விலகும். படியாவிட்டால் விரலைச் சொடுக்கி மறுபடியும் கதிரைக்கு அழைப்பார்.

"கதிரையிலை இருக்கேக்கை வடிவாத்தானே அண்ணை இருந்தது?" என்று ஒருவர் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன்.

"அப்ப கதிரையையும் முதுகிலை கட்டிக்கொண்டு போமன்."

எல்லாக் கோச்சியும் அவருக்குச் சம்மதமில்லை. கடுகதிக் கோச்சிக்கு மரியாதை உண்டு. சரக்குக் கோச்சி ஊர்ந்து போனால் முகத்தைச் சுளிப்பார். "உது காத்தில்லை, பெருமூச்சு. அடுத்ததுக்கு நில்லுங்கோ."

அவர் வெட்டுவது ஒரே வகைதான்: குட்டையாக, கட்டுப்பாடற்றதுபோல, ஒவ்வொரு மயிரும் ஒவ்வொரு நீளத்தில், கையால் கோதிவிட்டாலே போதும் என்ற தோற்றத்தில். ஆனால் அந்த ஒரே வகையை எவருக்கு எப்படி வெட்டுவது என்று முடிவு செய்ய அவர் நடத்தும் விசாரணை, நீதிமன்றத்தையும் நாணவைக்கும். கைப்பேசியில் ஒரு பாடகனின் படத்தைக் காட்டி வந்த இளைஞனிடம் கேட்டார்:

"உவன் எந்தப் பக்கமாப் படுக்கிறவன்?"

"எனக்கெப்பிடி அண்ணை தெரியும்?"

"தெரியாதவன்ரை தலையை ஏன் கேக்கிறாய்? நீ எந்தப் பக்கம் படுப்பாய்? பஸ்ஸிலை யன்னல் பக்கமோ, நடைபாதைப் பக்கமோ? காலமை சீப்பாலை தலை இழுக்கப் பொறுமை இருக்கோ, இல்லாட்டில் எழும்பின கையோடை ஓடுறனியோ?"

பதில்கள் எல்லாம் கிடைத்த பிறகே கத்திரிக்கோல் எழும். மயிரை விரல்களுக்கிடையில் பிடித்துக் குறுக்கே வெட்டமாட்டார். கத்திரிக்கோலின் நுனியை நிமிர்த்தி, கிள்ளிக் கிள்ளி எடுப்பார். இறுதியில் ஒரு போத்தலை எடுத்துத் தலையில் விசிறுவார். அதற்குள் இருப்பது பருத்தித்துறைக் கடல்நீர். துணியில் வடித்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் கலந்தது. உப்புப் பட்டால்தான் மயிருக்கு முறுக்கு வருமாம். பக்கத்திலேயே கிடக்கும் குருநகர்க் கடலை அவர் ஏற்கமாட்டார். அலையில்லாத தண்ணீர் தலையையும் சோம்பலாக்கிவிடும் என்பது அவருடைய விஞ்ஞானம். நான் இரண்டு நீரையும் நக்கிப் பார்த்து, வேறுபாடு இல்லை என்று நிறுவினேன். "நீ நாக்காலை பாத்தாய். நான் தலையாலை பாக்கிறன்" என்றார். அந்த வாதத்தில் நான் தோற்கவில்லை. அவர் கேட்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

ஒருமுறை, மருத்துவமனையில் தாதியாக வேலை செய்யும் ஒரு பெண் இடுப்புவரை இருந்த கூந்தலைக் கழுத்தோடு குறைத்துக்கொள்ள வந்தாள். வெட்டி முடியும் தறுவாயில் தாயார் குடையோடு வந்து இறங்கினார்.

"நீர் ஆரைக் கேட்டு என்ரை பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சனீர்?"

"பிள்ளையைத்தான் கேட்டனான். அம்மா, கோச்சி வரப்போகுது. ரெண்டு பேரும் வந்து நில்லுங்கோ. பேந்து எனக்கு அடியுங்கோ."

கடுகதி வந்தது. தாயாரின் கொண்டை அவிழ்ந்து முகத்தை மூடி, குடைக்கம்பியில் சிக்கி, ஊசி ஒன்று வேலிக்கு அப்பால் பறந்தது. மகளின் மயிர் எழுந்து, ஆடி, அமைதியாக வந்து படிந்தது. கோச்சி அண்ணை சீப்பைப் பைக்குள் போட்டார். தாயார் மகளின் தலையைப் பார்த்தபடி தன் மயிரைக் குடைக்கம்பியிலிருந்து விடுவித்தார். பிறகு, "உந்தக் கொண்டை ஊசியையாவது தேடித் தாரும்" என்றார்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். நான் மேடைப் பேச்சாளன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைதான், ஆனாலும் கதைக்குத் தேவை. எதிரணியின் வாதத்தை மறுக்கும்போது தலையைச் சட்டென்று திருப்பிச் சபையைப் பார்ப்பது என் வழக்கம். அதற்கு ஏற்றபடி எண்ணெய் வைத்து, நேர்வகிடு எடுத்து, புயலுக்கும் அசையாத ஒரு தலையை வளர்த்து வைத்திருந்தேன். கோச்சி அண்ணை வீதியில் என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "உது தலையோ, தார் றோட்டோ?"

விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்தத் தார் வீதியில் ஒரு குழி விழுந்தது. வலது காதுக்கு மேலே மயிர் கொட்டி வட்டமாய்ப் புழுவெட்டு. வைத்தியர் தந்த மருந்தைப் பூசினேன். அது வட்டத்தை மினுக்கியதே தவிர, மூடவில்லை. மயிரை இழுத்து மறைத்தேன். தலையைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் மேடைத்திரை விலகுவதுபோல அது திறந்துகொண்டது. மற்ற மேடை நடிப்பையெல்லாம் விட்டுவிடலாம். தலை திருப்பாமல் எப்படி மறுப்பது? நிறைந்த சபையில் ஒருவன் என் காதுக்கு மேலே விரலை நீட்டிச் சிரித்தால், அதன்பின் நான் சொல்லும் எந்த வாக்கியமும் வாக்கியமாக இராது. அந்தப் பயத்தோடு, இறுதிப் போட்டியன்று காலை, எந்த மனிதரைப் பல காலம் ஏளனம் செய்தேனோ அவருடைய கதிரையில் போய் அமர்ந்தேன்.

அவர் அந்த வட்டத்தை விரலால் சுற்றித் தடவினார். கேலி செய்யவில்லை.

"நேர்வகிடு எடுத்த தலையிலைதான் தம்பி குறை தெரியும். எல்லா மயிரும் ஒரு பக்கம் பாத்து நிக்கேக்கை ஒண்டு வராட்டிலும் பிடிபட்டிடும். தன்தன்ரை பாட்டிலை நிண்டால், ஆர் நிண்டு எண்ணப் போகினம்?"

"அப்பிடியெண்டால் ஒழுங்கே தேவையில்லை எண்டுறியளோ அண்ணை?"

"நான் தலையைப் பற்றிக் கதைக்கிறன். நீ நாட்டைப் பற்றிக் கதைக்கிறாய். குனி."

வெட்டி முடித்தார். உப்புநீர் விசிறினார். என்னை எழுப்பிக்கொண்டு வாசல்வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பாதைத் திருத்த வேலைக்காகக் கோச்சிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டுச் சில காலம் ஆகியிருந்தது. தண்டவாளத்தின் நடுவில் ஓர் ஆடு படுத்திருந்தது. அந்தக் காலத்தில் அவர் வெட்டிய தலைகளை எல்லாம் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிப் பண்ணைப் பாலத்துக்குக் கொண்டுபோய்த்தான் சோதித்து வந்தார். கடலேரிக் காற்று கோச்சிக் காற்றின் சின்னத் தம்பியாம்.

"ஏறு" என்றார்.

கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பின்னால் கொடியாகப் பறக்க, நாங்கள் பாலத்தை அடைந்தோம். பாலத்தின் பாதிவழியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

"எங்கை ஹெல்மெற்?"

"ஹெல்மெற் போட்டால் காத்து எப்பிடி சேர் போறது?"

"காத்துப் போறதுக்கில்லை. விழுந்தால் மண்டை போகாமல் இருக்கிறதுக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "உவருக்கு என்ன, ஆஸ்பத்திரியாலை ஓடி வந்தவரோ?"

கோச்சி அண்ணை முழங்கையால் என் விலாவில் இடித்தார். "தம்பி, நீ பேச்சாளன்தானே. பேசன்."

நான் பேசவில்லை. அன்று மாலை விவாதப் பொருள், ஊரை நல்வழிப்படுத்துவது சட்டமா, மனச்சாட்சியா என்பது. நான் சட்டத்தின் அணித் தலைவன். மாலையில் தாங்கப்போகும் சட்டத்தைக் காலையில் தாக்குவது கொள்கைக்கு அடுக்காது. பொலிஸ்காரர் தண்டச்சீட்டு எழுதினார். எழுதி முடித்ததும் தொப்பியைக் கழற்றி, நசுங்கிப்போன தன் தலையைத் தடவினார்.

"தொப்பி போடுற தலைக்கு உங்களிட்டை ஏதும் வழி இருக்கோ?"

"எந்தப் பக்கமாப் படுப்பியள் சேர்?" என்றார் கோச்சி அண்ணை.

ஹெல்மெற் கொண்டுவந்தால்தான் மோட்டார் சைக்கிளை எடுக்கலாம் என்று உத்தரவானது. பாலத்தில் ஓட்டோ கிடைப்பதற்குள் வெயில் சாயத் தொடங்கிவிட்டது. ஏறியதும் சாரதியின் கண்ணாடியில் என் தலையைப் பார்க்க எட்டினேன். கோச்சி அண்ணை அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சோதினை பாதியிலை நிக்குது. பாக்கேலாது."

"அண்ணை, பின்னுக்கு வாற பஸ்ஸை நான் பாக்கலாமோ?" என்றார் சாரதி.

இவ்வாறு, தன் தலை எப்படி இருக்கிறது என்று அறியாமலே மேடையேறிய பேச்சாளன் ஆனேன். மேடை ஓரத்தில் உயரமான மின்விசிறி ஒன்று நின்றது. அதைச் சபைப் பக்கம் திருப்பிவிடும்படி ஏற்பாட்டாளரிடம் முதலிலேயே சொல்லி வைத்தேன். என் முறை வந்தது. தலையைத் திருப்பாமலே முன்னுரையைச் சொல்லி, மறுப்புரையைத் தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த கோச்சி அண்ணை எழுந்தார். யாரையும் கேளாமல் மேடைக்கு வந்தார். விசிறியை என் வலது காதை நோக்கித் திருப்பி, வேகத்தைக் கூட்டிவிட்டு, இறங்கிப்போய் அமர்ந்தார்.

காற்று அடித்தது. என் தலையிலுள்ள ஒவ்வொரு மயிரும் எழுவதை உணர்ந்தேன். வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டேன். விரல் நீட்டப்போகும் அந்த ஒருவனைச் சபையில் தேடினேன். மூன்றாம் வரிசைப் பெரியவர் கொட்டாவி விட்டார். எதிரணித் தலைவர் தன் குறிப்பைத் தொலைத்துவிட்டு மேசைக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார். மண்டபம் முழுவதிலும் என் தலையைப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் கையில் சீப்பு இருந்தது. சற்றுநேரம் கூர்ந்து பார்த்தார்; பிறகு மெதுவாக, நான் காணும்படி, அதைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

நான் தலையைச் சட்டென்று திருப்பிச் சபையைப் பார்த்தேன். சட்டத்துக்காக அன்று பேசியதுபோல் நான் என்றும் பேசியதில்லை. தண்டச்சீட்டு அவருடைய சட்டைப் பைக்குள் சீப்போடு சேர்ந்து கிடந்தது.

வென்றோம். நடுவர் என் பேச்சில் எல்லாவற்றிலும் சிறந்தது இடையில் நான் காத்த அந்த நீண்ட மௌனமே என்றார். நான் மறுக்கவில்லை. நடுவரின் தீர்ப்பை மறுப்பது மரபல்ல.

பரிசளிப்பு முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது அவர் விசிறியைப் பழையபடி சபைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அருகில் போய், "படிஞ்சிட்டுதுதானே அண்ணை? சீப்பைப் போட்டனியள்" என்றேன்.

"விசிறிக் காத்துக் கணக்கிலை இல்லை." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ வாயடைச்சுப்போய் நிண்டாய். வேறை என்ன செய்யிறது? போட்டன்."

அந்தச் சீப்பு தன் சட்டத்தை மீறிய ஒரே நாள் அதுவென்று நினைக்கிறேன்.

"உன்ரை தலை இன்னும் முடியேல்லைத் தம்பி" என்றார். "கோச்சி ஓடாமல் ஒரு தலையும் முடியாது. அது எப்ப ஓடுமோ, அதுக்கிடையிலை உந்த மயிர் வளந்து, வேறை ஆரும் வெட்டி, எல்லாம் போயிடும்."

ஒலிவாங்கி இன்னும் அணைக்கப்படவில்லை. நான் மேடையேறி, கலைந்துகொண்டிருந்த சபை திரும்பிப் பார்க்க, அதில் சொன்னேன்:

"மயிர் போனாலும் தலை இதுதானே அண்ணை. முதல் கோச்சிக்கு மதிலடிக்கு வாறன். நீங்கள் சீப்பைப் பைக்குள்ளை போடுமட்டும் அசையமாட்டன்."