டொலீடோ கொக்குகளின் அபாயத் தவிர்ப்புக் குழு

டொலீடோ நகரத்துக் கூடைப்பந்து அணிக்குக் கொக்குகள் என்று பெயர். ஆட்டத்தில் எப்படியோ, குழு அமைப்பதில் கொக்குகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. சீருடையின் நிறத்துக்கு ஒரு குழு, இடைவேளையில் விற்கும் சோளப்பொரிக்கு எவ்வளவு உப்பு என்பதற்கு ஒரு குழு, இருக்கும் குழுக்களில் எதைக் குறைக்கலாம் என்று ஆராய இரண்டு குழு. ஒரு நவம்பரில் நடந்த துயரச் சம்பவத்தை முன்னிட்டு, அபாயத் தவிர்ப்புக் குழு என்று இன்னொன்றும் உதயமாயிற்று.

சம்பவம் இதுதான். நான்கு வருட ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த நட்சத்திர ஆட்டக்காரர், நன்றி நவிலும் நாள் விருந்துக்காக உறைபெட்டியிலிருந்து வான்கோழியை எடுத்தார். பதினெட்டு பவுண்டு, கல்லாக உறைந்தது. கை வழுக்கிக் காலில் விழுந்து மூன்று விரல்கள் உடைந்தன. விசாரணை அறிக்கை நாற்பது பக்கம் ஓடியது. வான்கோழி மீதும் குற்றமில்லை, கால் மீதும் குற்றமில்லை, அந்தக் காலைத் தேர்ந்தெடுத்தவர் மீதுதான் குற்றம் என்று அது முடிந்தது.

தேர்ந்தெடுத்தவர் க்ளைட் ரஸ்மஸன். இருபத்திரண்டு வருடமாகக் கொக்குகளுக்கு ஆள் தேடித் தருகிறவர். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட அரங்குகளில் மரப்பலகை மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போனவர். இத்தனை வருடத்தில் கொக்குகள் எந்தக் கோப்பையையும் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு தடவை ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மனிதருக்கு ஆசை. வானத்து நட்சத்திரத்தைப் பிடித்துத் தா என்று கேட்கவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் அவ்வப்போது செய்கிற காரியம்தான்.

அடுத்து வந்த ஜூலையில் அந்த ஆசை தானாகவே போன் செய்தது. ஜார்வெல் டூம்ஸ், வயது இருபத்தாறு, போன வருடம் ஆட்டத்துக்கு முப்பது புள்ளி எடுத்தவன். பழைய ஒப்பந்தம் முடிந்து, யார் கூப்பிட்டாலும் போகலாம் என்ற நிலையில் இருந்தான்.

"மிஸ்டர் க்ளைட், எங்கம்மா டொலீடோவுலதான் இருக்காங்க. நீங்க கூப்பிட்டா கண்ண மூடிக்கிட்டு வந்துடுவேன். கிராண்ட் ராப்பிட்ஸ் டீம்காரங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள சொல்லிடுங்க."

"தம்பி, நீ வந்துட்டேன்னே வச்சுக்க!" என்றார் க்ளைட். அவசரப்பட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் குழு கூடியது. தலைவி டாக்டர் மெரிடித் ஃபிப்ஸ், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினைந்து வருடம் ஆலங்கட்டி மழையில் சேதமான கூரைகளை மதிப்பிட்டவர். கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "ஆட்டத்தின் மீது எவ்விதப் பற்றும் இல்லாதவர்" என்பது நியமன உத்தரவில் முதல் தகுதியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. பக்கத்தில் மானேஜர் ஹார்லன் பிகெட் உட்கார்ந்திருந்தார். கடைசியாக யார் பேசினார்களோ அவர்களுக்குத் தலையாட்டுவது அவர் வேலை. விதி ஒன்றே ஒன்று: அபாய மதிப்பெண் பன்னிரண்டைத் தாண்டினால் ஆள் உள்ளே வரக் கூடாது.

"முழங்கால் எப்படி?" என்று ஆரம்பித்தார் டாக்டர் ஃபிப்ஸ்.

"ரெண்டும் அருமையா இருக்கு மேடம். இதோ டாக்டர் சர்டிபிகேட்."

"ரெண்டுமா?" அம்மையாரின் முகம் வாடிவிட்டது. "அப்போ எது போகும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"எதுக்கு மேடம் போகணும்?"

"கூரையில ஓட்டை இருந்தா எங்க ஒழுகும்னு தெரியும், கீழ பாத்திரம் வைக்கலாம். ஓட்டையே இல்லாத கூரைக்கு நீங்க எங்க பாத்திரம் வைப்பீங்க, மிஸ்டர் ரஸ்மஸன்?"

பிகெட் தலையாட்டினார். ஒன்பது மதிப்பெண் விழுந்தது.

"எவ்வளவு உயரம் எகிறுவாரு?"

"நாப்பத்தி நாலு அங்குலம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் க்ளைட்.

"அப்போ நாப்பத்தி நாலு அங்குலம் விழுவாரு."

"விழ மாட்டான் மேடம், இறங்குவான்."

"எங்க துறையில ரெண்டும் ஒண்ணுதான்."

மதிப்பெண் இருபத்திரண்டு ஆயிற்று. அடுத்து, ஜார்வெலின் அம்மா எட்டு நிமிட தூரத்தில் இருப்பது பற்றி விவாதம் நடந்தது. சமைப்பார்களா என்று டாக்டர் ஃபிப்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டார். "எர்லீன் அம்மா செய்யிற மாக்கரோனிய ஒரு தடவ சாப்பிட்டீங்கன்னா..." என்று க்ளைட் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். உடல் எடை, மனத் திருப்தி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்று மூன்று தலைப்புகளில் மதிப்பெண் ஏறியது. அம்மா தூரத்தில் இருந்தால் தேவலையா என்று க்ளைட் கேட்டார். அப்படியென்றால் ஏக்கம் என்ற தலைப்பில் வரும் என்று விளக்கினார்கள்.

ஜார்வெலை உள்ளே அழைத்தார்கள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். குனிந்ததைக் குறித்துக்கொண்டார்கள்.

"அடுத்த நாலு வருஷத்துல உங்களுக்கு என்னென்ன அடிபடும்னு தேதிவாரியா சொல்ல முடியுமா?"

பையன் சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறார்னு எழுதிக்கோங்க. வீட்டுல நாய் இருக்கா?"

"இருக்கு மேடம். பிஸ்கட்னு பேரு. ரொம்ப சாது."

"எவ்வளவு உயரம்?"

"முழங்கால் உயரம் இருக்கும்."

"எந்த முழங்கால்?"

ஜார்வெல் க்ளைடைப் பார்த்தான். க்ளைட் கூரையைப் பார்த்தார். மொத்தம் எழுபத்தொன்று.

பையனை வெளியே அனுப்பியதும் க்ளைடுக்குப் பொறுமை போய்விட்டது. மேஜையை ஒரு தட்டு தட்டினார். "இவன எடுக்கலன்னா இந்த வருஷமும் தோத்துத்தான் போவோம்! அது அபாயம் இல்லியா?"

டாக்டர் ஃபிப்ஸ் கோபப்படவில்லை. "நடக்குமா நடக்காதான்னு தெரியாததுதான் அபாயம், மிஸ்டர் ரஸ்மஸன். நாம தோக்கிறது நிச்சயமாச்சே. அதுல அபாயம் எங்க வந்துச்சு?"

பிகெட் ரொம்ப நேரம் தலையாட்டினார்.

ஐந்தேகால் மணிக்கு, குழுவின் கணினி தானே தேடிக் கண்டுபிடித்த ஆட்டக்காரரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நார்பர்ட் எக்லண்ட், வயது முப்பத்து மூன்று. ஒன்பது வருடம், நான்கு அணிகள். மைதானத்தில் ஆடிய மொத்த நேரம் நாற்பத்தொரு நிமிடம். ஒரு சுளுக்குக்கூட இல்லை. எகிறுவது ஆறு அங்குலம், அதுவும் யாராவது வற்புறுத்தினால்.

"நாய்?"

"இல்லீங்க மேடம். மீன் தொட்டி ஒண்ணு இருந்துச்சு. தண்ணி சிந்துனா வழுக்கும்னு அதையும் குடுத்துட்டேன்."

டாக்டர் ஃபிப்ஸ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினைந்து வருடக் கூரை அனுபவத்தில் அவர் பூஜ்ய மதிப்பெண்ணைப் பார்த்ததே இல்லை. நான்கு வருட ஒப்பந்தம், உச்சபட்ச சம்பளம், அந்த இடத்திலேயே கையெழுத்தானது.

"உனக்கு ஆடணும்னு ஆசையே வராதாய்யா?" என்று க்ளைட் மெதுவாகக் கேட்டார்.

"வந்துச்சு சார், முதல் ரெண்டு வருஷம்," என்றான் நார்பர்ட். "அப்புறம் சரியாயிடுச்சு."

தாழ்வாரத்தில் ஜார்வெல் கையில் போனோடு நின்றிருந்தான். மணி ஆறாகப் பத்து நிமிடம். "மிஸ்டர் க்ளைட், வேணும்னா பிஸ்கட்ட அம்மா வீட்லயே விட்டுடுறேன். கேட்டுப் பாக்குறீங்களா?" என்றான். க்ளைட் அவன் தோளைத் தட்டினார். பிறகு காருக்குள் உட்கார்ந்து, அறுபத்து மூன்று வயது மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கின. நார்பர்டை ஒரே ஒரு நிமிடம் களத்தில் இறக்கிப் பார்க்கலாமா என்று கோச் கேட்டதற்கு எழுத்து மூலம் பதில் வந்தது: "மேற்படி ஆட்டக்காரரை ஆட வைப்பது அன்னாரின் மதிப்பெண்ணுக்கு ஊறு விளைவிக்கும் செயலாகக் கருதப்படும்." அவனுக்கு மெத்தை வைத்த தனி நாற்காலி போட்டார்கள். முதலில் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ஆனால் வரிசையாக இருபது ஆட்டம் தோற்ற பிறகும் ஒருவன் மட்டும் வியர்வையே இல்லாமல், தலை கலையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க, ஊருக்கு அவன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் டொலீடோ முழுக்கப் பூஜ்யம் போட்ட பனியன்தான். பெண்கள் மாப்பிள்ளைக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். ஒரு பல் வைத்தியர் யாருடைய பல்லையும் தொடுவதில்லை என்று அறிவித்தார்; அவரிடம் மூன்று மாதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. மற்ற அணிகளும் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு வலைவீச ஆரம்பித்தன. நன்றாக உட்காருவது எப்படி என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் கிளம்பினார்கள்.

இதில் பெரிய உயர்வு க்ளைடுக்குத்தான். குழுவின் வரலாற்றிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவனைக் கொண்டுவந்தவர் அவர். எழுபத்தொரு மதிப்பெண் அபாயத்தை மோப்பம் பிடித்த மூக்கு வேறு யாருக்கு இருக்கிறது? எனவே அவரையே குழு உறுப்பினர் ஆக்கினார்கள். தனி அறை, முதுகுக்கு இதமான நாற்காலி, ஊர் சுற்றும் வேலை இல்லை. முதல் மாதம் வேண்டாவெறுப்பாகப் போனார். இரண்டாம் மாதம், பரிசீலனைக்கு வந்த இடது கை ஆட்டக்காரன் ஒருவன் தேநீர் குடிக்கும்போது கோப்பையை மேஜை விளிம்பில் வைக்கிறான் என்பதை அவர்தான் முதலில் கவனித்தார். டாக்டர் ஃபிப்ஸ் எழுந்து கை குலுக்கினார்.

ஜூன் தொடக்கத்தில் கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து ஜார்வெல் போன் செய்தான்.

"மிஸ்டர் க்ளைட்! நாங்க இறுதிப் போட்டிக்கு வந்துட்டோம்! எங்க ஆள் தேடுறவரு ஓய்வுல போறாரு. உங்களத்தான் எடுக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கே கெளம்பி வாங்க. ஜெயிக்கும்போது நீங்களும் எங்களோட நிக்கணும்."

க்ளைடுக்கு இருபத்திரண்டு வருட ஆசை அது. நாளை சொல்கிறேன் என்று போனை வைத்தார். வைத்த கை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், மேஜை மேலிருந்த படிவத்தை இழுத்தது. மூன்று மணி நேரக் கார் பயணம். ஏரிக்காற்று. புது வீட்டில் மாடிப்படி இருக்கலாம். ஜெயிப்போம் என்று நம்பிப் போய்த் தோற்றால் அந்த வயதில் தாங்குமா? அங்கே நாற்காலி எப்படியோ? கூட்டிப் பார்த்தார், பதின்மூன்று. ஒன்று கூடுதல். இன்னொரு முறை கூட்டினார். விதியைக் காப்பவர்களில் இப்போது அவரும் ஒருவர் அல்லவா, வளைக்க மனம் வரவில்லை.

இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தை மனைவி வெர்னாவோடு வீட்டில் டிவியில் பார்த்தார். மூன்று விநாடி பாக்கி, கிராண்ட் ராப்பிட்ஸ் ஒரு புள்ளி பின்னால். பந்து ஜார்வெலிடம் வந்தது. இரண்டு பேர் மறித்து நின்றார்கள். அவர்களுக்கு மேலே எகிறி, அந்தரத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பந்தைக் கூடைக்குள் போட்டான். இறங்கும்போது யாருடைய காலிலோ மிதித்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான்.

க்ளைட் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். "பாத்தியா! பாத்தியா வெர்னா! விழுவான்னு அன்னைக்கே கணக்குப் போட்டோம்ல!" என்று இரண்டு கையையும் தட்டினார். ஜன்னல் வழியாக எதிர்வீட்டிலும், பக்கத்து வீட்டிலும், தெரு முழுக்கவும் அதே கைதட்டல் கேட்டது. டொலீடோவில் இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு ஆரவாரம் எழுந்ததில்லை.

வெர்னா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் நாலு பேர் ஜார்வெலைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். ஒற்றைக்காலைத் தொங்கப் போட்டபடி, வாயெல்லாம் பல்லாக, அவன் கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தான்.

"அவன் ஜெயிச்சுட்டான் க்ளைட்," என்றாள் அவள். "நீ எதுக்குக் கை தட்டுற?"