மருமகன் கேட்ட மேகம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
11.2.1975, செவ்வாய்

மரியாதைக்குரிய மருமகன் ஹென்றி அவர்களுக்கு,

மாமி பிளாரன்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான் வயதுக்கேற்ற நலம். நீங்களும் மகள் கிளாடிஸும் அங்கே சுகமாயிருக்க நேற்றும் வேண்டிக்கொண்டேன். நேற்று வேண்டியது கொஞ்சம் அளவு மீறிவிட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, உங்கள் மாமாவின் கேமரா நான்கு வருடமாக அலமாரியில் சும்மா கிடக்கிறது, கல்லூரியில் நீங்கள் நடத்தும் வானியல் சங்கத்துக்குத் தந்தால் பையன்களுக்குப் பயன்படும் என்று பக்குவமாகச் சொன்னீர்கள். அதை நானே பயன்படுத்துவேன் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை, கிளாடிஸ் சிரித்தாள். தவக்காலம் தொடங்குமுன் ஓரியன் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில், அவன் வாளில் மங்கலாகத் தெரியும் மேகத்தை நான் படமெடுத்தால் கேமரா எனக்கு, இல்லையென்றால் உங்கள் பையன்களுக்கு என்று பேசி முடித்தோம். மாமா இருந்தவரை, முப்பத்தொரு வருடம், அந்தக் கேமராவைத் துடைக்க மட்டும்தான் எனக்கு உரிமை இருந்தது. இது உங்களுக்குத் தெரியாது. நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும்.

கீல் வைத்து நீங்கள் செய்து தந்த இரட்டைப் பலகையை மொட்டைமாடியில் நிறுத்தி, மேலே கேமராவைப் பூட்டினேன். வானம் நகரும் வேகத்தில் கேமராவும் நகர, பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை திருகாணியைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும், இப்படிப் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தீர்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள், டார்ச் அடிக்கக் கூடாது என்றும் சொல்கிறீர்கள். இது எப்படி நடக்கும்? மூன்று நாள் அடுக்களையில் கடிகாரத்தை வைத்துச் சோதித்தேன். நான் சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே’ சரியாகப் பதினைந்து விநாடி. கான்வெண்டில் மதர் எங்களை விழுங்கவும் விடவில்லை, இழுக்கவும் விடவில்லை. நாற்பது தடவை சொன்னால் பத்து நிமிடம். செபமாலையில் இடையில் வரும் மற்றச் செபங்களை முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டேன். இதைப் பங்குச் சாமியாரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

கீழே கடை வைத்திருக்கும் இசக்கியப்பன் அண்ணாச்சியிடம் ஏழரை மணிக்கு டியூப் லைட்டைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னேன். எதுக்கும்மா என்றார். ஒரு மேகத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். “மேகமே இல்லியே. இருந்தாலும் பகல்ல எடுக்கலாம்லா” என்றார். ஆனால் அணைத்தார், நல்ல மனுஷன்.

நான் ஐந்தாவது மரியே சொல்லும்போது திரேஸ்புரத்துச் சிலுவை பீடி வாங்க வந்திருக்கிறான். கடை இருட்டு. மேலே செபச் சத்தம். ‘ஏன் அண்ணாச்சி’ என்று கேட்டதற்கு அவர், “அம்மா அணைக்கச் சொன்னாவ” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சிலுவை தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பிலோமியைக் கூப்பிட, அவள் தெருவையே கூப்பிட, பதினோராவது மரியேயில் ஒன்பது பேர் மாடியேறி என் பின்னால் முழங்காலில் நின்றார்கள். துக்க வீட்டில் சொல்வதுபோல இழுத்து இழுத்துப் பதில் செபம் சொல்லத் தொடங்கினார்கள். என்னுடைய பதினைந்து விநாடி முப்பதாகிவிட்டது. நிறுத்திப் பேசினால் படம் போய்விடும். போங்கள் என்று கையைக் காட்டினேன், இன்னும் தள்ளி நிற்கச் சொல்கிறேன் என்று நினைத்துத் தள்ளி நின்றார்கள். பிலோமி மெழுகுதிரி கொளுத்தினாள். செபத்தை விடாமல் அதை ஊதி அணைத்தேன். ‘பாவம், அம்மாவுக்கு வெளிச்சமே ஆகலை’ என்று அவள் அழுதாள். அழுகை எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. நாற்பதும் முடித்துக் கேமராவை மூடினேன்.

சிலுவைதான் மெதுவாகக் கேட்டான், “யாரும்மா தவறுனது?”

“யாரும் தவறவில்லை.”

“ஏளா பிலோமி, யாரு சொன்னா ஒனக்கு?”

“நீதாம்லே சொன்ன.”

“அப்ப எதுக்கு அழுதோம்?”

“படம் எடுக்க” என்றேன். வேறென்ன சொல்ல? காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். மருமகனே, இனி மறைக்க ஒன்றுமில்லை. ஃபிலிமைக் கழுவ ஸ்டுடியோ பால்துரையிடம் கொடுத்திருக்கிறேன், அதில் ஒரு மண்ணும் இருக்காது. இந்த வயதில் இது எனக்கு வேண்டாத வேலை. பேச்சு பேச்சுதான். கேமராவைப் பழைய சேலையில் சுற்றிப் பார்சல் கட்டிவிட்டேன். லென்ஸை வேட்டி நுனியால் துடைக்க வேண்டாமென்று உங்கள் பையன்களிடம் சொல்லுங்கள்.

கிளாடிஸுக்கு முத்தம். உங்கள் தாயாருக்கு என் தோத்திரம். மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமி
பிளாரன்ஸ் பர்னாந்து

பி.கு: புதன்கிழமை, சாம்பல் பூசிக்கொண்டு வந்து எழுதுகிறேன். பால்துரை படத்தோடு வந்து தலையைச் சொறிந்தான். “எல்லாப் புள்ளியும் அரிசி மாதிரி நீண்டிருக்கு. நடுவுல ஏதோ ஊத்தை பட்டிருக்கும்மா. மூணு தடவ கழுவியும் போகலை” என்றான். அந்த ஊத்தைதான் மேகம். எடுத்தது திங்கட்கிழமை, ஆகவே கெடுவுக்குள்தான். நட்சத்திரம் உருண்டையாக இருக்க வேண்டுமென்று நாம் பேசவில்லை. பார்சலைப் பிரித்துவிட்டேன். கேமரா வராது. பையன்களை நீங்கள் இங்கே கூட்டி வாருங்கள், மாடியில் பத்துப் பேருக்கு இடமிருக்கிறது. செபம் தெரியாதவர்கள் சும்மா முழங்காலில் நிற்கட்டும், அசையாமல்.